காடு மூடிய ஊர்

லெனாட் வுல்ஃப் எழுதி 1913ஆம் ஆண்டு வெளியான 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் ஆங்கில நாவல் ஈழத்து வாசகருக்குப் புதியதன்று. 1904ஆம் ஆண்டு சிவில் சேவை உத்தியோகத்தராக இந்நாட்டுக்கு வந்த அவர், யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றிய பின், 1908இல் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராகி, 1911வரை அவ்வரண்ட பிரதேசத்தை நிருவகித்தவர். நாவல் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார். இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் துன்பியற் பண்பையும், ஏழைக் குடியானவனின் உள்ளத்தை ஓர் அந்நிய ஆட்சியாளன் உணர்ந்து எழுதிய விந்தையையும் பாராட்டுவர். அப்பாராட்டு தகும். ஆயினும் நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி வேறொன்று. இந்நாவலில் வரும் காடு யாருடையது?

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணமுண்டு. இயற்கைப் பாதுகாப்பு நற்காரியம் என்பதில் இப்போது எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. தேசியப் பூங்கா, சரணாலயம், ஒதுக்கக் காடு என நிலப்பரப்புகள் வர்த்தமானியிற் பிரகடனம் செய்யப்படுகின்றன. உள்ளூர் மக்களின் வாழ்வும் வளர்ச்சியும் பேணப்படும் என்று அறிக்கைதோறும் ஒரு வாக்கியம் சேர்க்கப்படுகிறது. அவ்வாக்கியம் நிலத்தில் எவ்வாறு நடைமுறையாகிறது என்று கேட்பவர் சிலரே. காட்டையும் அதில் வாழும் மனிதனையும் பற்றி நம் மனத்திற் பதிந்திருக்கும் சித்திரங்களிற் பல இலக்கியம் தந்தவை. எனவே அச்சித்திரங்களைப் பரிசீலிப்பது இலக்கிய விமர்சனத்தின் பணிகளுள் ஒன்றாகும்.

முதலிற் கதையை நோக்குவோம். பெத்தேகம, காட்டின் நடுவே சில குடிசைகளே கொண்ட ஊர். சிலிந்து அங்கு வேட்டையாடியும் சேனைப் பயிர் செய்தும் வாழ்பவன். சேனை வெட்ட அரசாங்க அனுமதி வேண்டும். துவக்கு வைத்திருக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். இரண்டும் ஊர்த் தலைவனான பபேஹாமி ஆரச்சியின் கைவழியே வரவேண்டும். ஆரச்சிக்கு வேண்டாதவனுக்கு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாதவன் பட்டினி கிடப்பான், அன்றிக் கடன் வாங்குவான். பட்டினத்திலிருந்து வந்து கடன் கொடுக்கும் பெர்னாண்டோ, சிலிந்துவின் மகள் புஞ்சி மெனிக்கே மீது கண்வைக்கிறான். ஆரச்சியும் அவனும் சேர்ந்து புனைந்த பொய்த் திருட்டு வழக்கில் அவள் கணவன் பபுன் சிறைசென்று அங்கேயே மடிகிறான். தனக்கு விளங்காத மொழியில் நடந்த நீதி விசாரணையைக் கண்டு திரும்பிய சிலிந்து, ஆரச்சியையும் பெர்னாண்டோவையும் சுட்டுக் கொல்கிறான். ஊர் குடும்பம் குடும்பமாகக் குலைகிறது. ஈற்றில் புஞ்சி மெனிக்கே ஒருத்தியே எஞ்ச, காடு அவள் வாசல்வரை வந்து மூடிக்கொள்கிறது.

நாவலின் யதார்த்த வலு இங்கேதான் இருக்கிறது. ஓர் அனுமதிப் பத்திரம் எவ்வாறு அதிகாரமாகிறது, அதிகாரம் எவ்வாறு கடனாகிறது, கடன் எவ்வாறு ஒரு பெண்ணின் உடல்மீது கோரப்படும் உரிமையாகிறது என்பதைப் படிப்படியாக வுல்ஃப் காட்டுகிறார். கிராமத்தைச் சாந்தி நிலவும் பூஞ்சோலையாக வருணித்த எழுத்தாளர் பலர் காணாத உண்மை இது.

ஆனால் இச்சங்கிலியின் தலைக்கண்ணி நாவலிற் காணப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக வெட்டி விதைத்து, பின் தரிசாக விட்டு, மீண்டும் வெட்டிய நிலத்துக்கு அனுமதி தேவைப்பட்டது எப்போது, எதனால்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொள்ளவேண்டும் என விதித்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அப்பிடியை இறுக்கியது. 1907இல் வனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. கோப்பித் தோட்டத்துக்கும் பின்னர் தேயிலைத் தோட்டத்துக்கும் நிலம் சேர்த்த அதே ஆட்சி, குடியானவன் சேனையை மட்டும் காட்டழிவு என்று கண்டித்தது. இச்சட்டங்களால் அனுமதி வழங்கும் அதிகாரம் பெற்ற மேசையிலே அமர்ந்திருந்தவர்களுள் வுல்ஃபும் ஒருவர். அவர் நாவலில் ஆரச்சி குற்றவாளியாகிறான், வட்டிக்காரன் குற்றவாளியாகிறான், எல்லாவற்றுக்கும் மேலாகக் காடே குற்றவாளியாகிறது. பசியும் பயமும் கொண்ட, மனிதரை விழுங்கக் காத்திருக்கும் தீய சக்தியாக அது தீட்டப்படுகிறது. சட்டம் செய்த கொடுமையை ஆசிரியர் இயற்கையின் தலையிற் சுமத்திவிடுகிறார். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கடிந்து நூல்கள் எழுதிய வுல்ஃபின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. நாவலை எழுதிய காலத்தில் அவருடைய பார்வைக்கு எல்லை வகுத்தது அவர் வகித்த பதவி என்பதே நம் கருத்து.

காட்டைப் பற்றிய இரண்டாவது சித்திரம் இதற்கு நேர்மாறானது. அது வேட்டைக்காரத் துரைமாரின் நினைவுக் குறிப்புகளிற் பிறந்து, இன்றைய உல்லாசப் பயண விளம்பரங்கள் வரை வளர்ந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். சாமுவேல் பேக்கர் தம் வேட்டைகளைப் பெருமையுடன் நூலாக்கினார். விலங்குகள் அருகத் தொடங்கியதும், எஞ்சியவற்றைக் காக்கவேண்டும் என்ற அக்கறை பிறந்தது. 1900இல் யால ஒதுக்கிடமாயிற்று. அதன் அருகே வெள்ளைத் துரைமாரின் வேட்டைக்கென ஒரு பகுதி விடப்பட்டது. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1938 பெப்ரவரியில் யாலவும் வில்பத்தும் தேசியப் பூங்காக்களாயின. துரை சுட்டால் அது பொழுதுபோக்கு. சிலிந்து சுட்டால் அது குற்றம். துவக்கொலி ஒன்றே, அதற்கு இடப்பட்ட பெயரை வர்க்கமே நிர்ணயித்தது.

இவ்விரண்டாம் சித்திரத்திலே காடு மனிதக் கால்படாத சுவர்க்கம். முதலாவதிலே அது நரகம். இரண்டிலும் காட்டில் உழைத்துச் சீவிக்கும் மனிதனுக்கு இடமில்லை. நரகத்தில் அவன் இரையாகிறான்; சுவர்க்கத்தில் அவன் அத்துமீறிப் புகுந்தவனாகிறான்.

நம்மவர் எழுத்திலே மூன்றாவது சித்திரம் ஒன்று உண்டு. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வன்னியின் தண்ணிமுறிப்புக் காட்டைக் களமாகக் கொண்டது. அதிலே காடு தொழிற்களம். கதிராமன் அதை அறிவான், அதில் வேட்டையாடுவான், அதை வெட்டி நிலமாக்கித் தன் குடும்பத்துக்குச் சோறு தேடுவான். காட்டின் ஆபத்தும் அழகும் உழைப்பின் ஊடாகவே நமக்குத் தெரியவருகின்றன. இந்நாவலிலும் குறை உண்டு. தனி மனிதரின் உணர்ச்சிப் போராட்டமே முன்னிற்க, நில உடைமை பற்றிய கேள்வி பின்னொதுங்கிவிடுகிறது. ஆயினும் காட்டையும் உழைப்பையும் பிரிக்காது கண்ட பார்வை அதற்கு உரியது.

அப்பார்வை தமிழ் இலக்கிய மரபுக்கு அந்நியமானதன்று. திணைக் கோட்பாட்டில் நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வமும் உணவும் மாவும் மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். மானையும் மரத்தையும் எண்ணிய வரிசையிலே மனிதன் தொழிலையும் வைத்து எண்ணினர் நம் முன்னோர். இதைச் சொல்லிப் பண்டைப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று; அக்காலத்துச் சமுதாயத்திலும் உயர்வு தாழ்வு இருந்தது. ஆனால் நிலத்தைத் தொழிலோடு சேர்த்துக் காணும் அளவுகோலை அம்மரபிலிருந்து எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

அவ்வளவுகோலைக் கொண்டு நம் காலத்து நிகழ்ச்சிகளை அளந்து பார்ப்போம். 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. தம்பானையிலும் சுற்றியுள்ள காடுகளிலும் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர், தம் முன்னோர் காட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டியவராயினர். அவர்களிற் பலர் குடியேற்றத் திட்டங்களில் உழவராக்கப்பட்டனர். முதுபெருந் தலைவரான திசாஹாமி போக மறுத்தார். 1998இல் தாம் இறக்கும்வரை தம்பானையிலேயே இருந்தார். சிலிந்துவின் கதை நாவலோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இதனிலும் நம் மனத்தை வருத்துவது முசலிப் பிரதேசத்தின் கதை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார் மாவட்டத்தின் தெற்கே, வில்பத்துத் தேசியப் பூங்காவின் வட எல்லைக்கு அப்பாலிருந்த மறிச்சுக்கட்டி, கரடிக்குழி முதலிய ஊர்கள் வெறிச்சோடின. இருபதாண்டு காலம் காடு வளர்ந்தது. வீட்டு நிலத்தையும் கிணற்றையும் மரம் மூடியது. 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் திரும்பத் தொடங்கினர். 2012 ஒக்டோபரில் அப்பகுதி நிலங்கள் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் ஏறக்குறைய 40,000 ஹெக்டேயர் பரப்பு மாவில்லுப் பாதுகாக்கப்பட்ட வனம் என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்டது. தம் ஊருக்குத் திரும்பியவர் காடழிப்போர் எனப்பட்டனர். வில்பத்தைக் காப்போம் என்ற குரல் 2015 அளவிற் கொழும்பிலே ஓங்கி ஒலித்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒதுக்கக் காட்டுப் பகுதியிற் சட்டவிரோதமாக வெட்டப்பட்ட காட்டுக்கு ஈடாக, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மரம் நடும்படி கட்டளையிட்டது.

இப்பிரச்சினையிற் பக்கம் சார்ந்து கூச்சலிடுவது எளிது. அரசியல்வாதிகள் ஏழைகளின் மீள்குடியேற்றத்தைத் தம் செல்வாக்குக்குப் பயன்படுத்தவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். குடியேறியவை எல்லாம் பழைய ஊர்நிலங்களே என்றும் சொல்லமாட்டோம். இயற்கையின்மீது உண்மையான பற்றுக் கொண்டு குரல் கொடுத்தவர்களும் பலர். ஆனால் அக்குரலிலே இனத்துவேஷம் கலந்தபோது அதைக் கண்டித்தவர் போதுமான அளவில் இருந்தனரா? பழைய ஊர் எது, பழைய காடு எது என்பதை, 1990க்கு முந்திய வரைபடத்தையும் உறுதியையும் வாக்காளர் இடாப்பையும் பள்ளிவாசற் பதிவையும் விரித்துவைத்து, ஊரவர் முன்னிலையிலே தீர்மானித்த பின்னர் வர்த்தமானியை வெளியிட்டிருக்கலாகாதா? வன்னியிலும் இதே நிலைமை. 'நிலக்கிளி' எழுந்த தண்ணிமுறிப்பிலும் அயலிலும் இடம்பெயர்ந்து திரும்பிய குடியானவர், தம் வயல்நிலம் வனத்துக்கும் தொல்லியலுக்கும் உரியதென்று எல்லைக்கல் நாட்டப்படக் கண்டனர். வுல்ஃபின் நாவலிலே காடு ஊரை மூடும் இடம் கதையின் முடிவு. நம் நாட்டிலோ காடு மூடியபின் ஒரு வர்த்தமானி வருகிறது. இடம்பெயர்ந்தவன் இல்லாத காலமே அவன் உரிமைக்கு எதிரான சாட்சியாகிறது.

இவ்வாறு நாம் எழுதுவதால், காட்டை வெட்டிப் பங்கிடுக என்று வாதிப்பதாக எவரும் கருதலாகாது. காடில்லையேல் குளமில்லை, குளமில்லையேல் வன்னிக் கமக்காரனுக்கு வாழ்வில்லை. மக்கள் பெருகித் தரிசுக் காலம் குறுகியபோது சேனைப் பயிரும் மண்ணைக் கெடுத்தது என்பது உண்மை. யானை வழிகள் அடைபட்டதன் விளைவை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2023ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். மாண்ட மனிதருட் பெரும்பாலோர் வயல் காத்த ஏழைகளே. பாதுகாப்பு குலைந்தாலும் அவர்களுக்கே முதலடி. பாதுகாப்பு அநீதியாக நடந்தாலும் அவர்களுக்கே முதலடி. ஆகவே காடா மனிதனா என்ற கேள்வியே பிழையானது. எந்த மனிதர், எந்த விதியின்படி, யாருடைய சம்மதத்தோடு என்பனவே கேட்கவேண்டியவை.

இதற்கு விடைதேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே களனி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் முத்துராஜவெலச் சதுப்பு நிலம் தொடங்குகிறது. அது நீர்கொழும்புக் களப்புவரை நீள்கிறது. சதுப்பின் பரப்பு 3,068 ஹெக்டேயர். அதனோடு இணைந்த களப்பும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்நிலம், கால்வாய்களின் வழியே உவர்நீர் புகுந்ததனால் கைவிடப்பட்டது. 1996இல் அதன் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

அக்களப்பின் வாயிலில் 'கட்டு தெல்' என வழங்கும் நிலைவலைத் தொழில் நீண்டகாலமாக நடந்துவருகிறது. இரவில், வற்றுநீரோடு கடல் நோக்கிச் செல்லும் இறாலை மறித்துப் பிடிக்கும் வலைகள் அவை. வலை நாட்டத்தக்க இடங்கள் சிலவே. எல்லாரும் ஒருங்கே நாட்டினால் இறாலும் அழியும், சண்டையும் மூளும். எனவே நான்கு மீனவர் சங்கங்கள் நாள்முறை வகுத்து, உறுப்பினருக்குள்ளே சீட்டுப் போட்டு இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊரவர் வகுத்த இவ்வழக்கத்தை அரசாங்கமும் 1958இல் ஒழுங்குவிதிகளாக ஏற்றது. படிப்பறிவு குறைந்தவர் என்று பட்டணத்தார் எண்ணும் மக்கள், வளத்தையும் பேணி வயிற்றையும் கழுவும் நெறியைத் தாமே கண்டார்கள். பாதுகாப்பும் உள்ளூர் வாழ்வும் ஒன்றுசேரும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேறென்ன வேண்டும்?

எனினும் இதையும் நாம் கண்மூடிப் போற்றுவதற்கில்லை. சங்க உறுப்புரிமை தந்தைவழி மகனுக்குச் செல்வது. பெண்களுக்கும், பிற குடும்பத்து ஏழை மீனவருக்கும் அவ்விடங்களிற் பங்கில்லை. 'உள்ளூர் மக்கள்' என்று அறிக்கைகள் ஒரே சொல்லாற் குறிப்பது ஒரே வர்க்கமன்று. அங்கும் வாய்ப்புடையார், வாய்ப்பற்றார் என்ற பிரிவு உண்டு. ஊருக்கு உரிமை கொடுத்தோம் என்று சொல்லி, ஊர்ப் பெரியவர் சிலருக்கு உரிமை கொடுத்துவிட்டுப் போகும் ஆபத்தை இவ்வுதாரணமே நமக்கு உணர்த்துகிறது. ஆரச்சி பபேஹாமியும் உள்ளூர்க்காரன்தான் என்பதை மறக்கலாகாது.

ஆனால் முத்துராஜவெலவைப் பெருமளவிற் குலைத்தவர் யார்? களப்பு மீனவரா? சதுப்பின் ஓரத்திலே குடிசை போட்ட ஏழைகளும் உளர் என்பது மெய். எனினும் தென்பகுதியை மண்ணிட்டு நிரப்பியது அரசாங்கத் திட்டம். 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேகப் பாதை அச்சதுப்பின் ஊடே செல்கிறது. கொழும்புத் துறைமுக நகரத்துக்காகக் கடலடி மணல் வாரப்பட்டபோது, தம் மீன்வளம் அழிவதாக நீர்கொழும்பு மீனவர் 2016இற் போராடினர். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது, பிளாஸ்டிக் மணிகள் அதே கரையில் ஒதுங்கின. தொழிலிழந்தவர் அதே மீனவர். அவ்வாண்டிலேயே சதுப்பு நிலத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ்க் கொண்டுவரும் அறிவித்தல் வந்தபோது, திருச்சபையும் சூழலியலாளரும் நீதிமன்றம்வரை சென்றனர். ஏழை ஒருவன் நாலு பேர்ச் நிலத்தை நிரப்பினால் அது ஆக்கிரமிப்பு. பெருந்திட்டம் நூறு ஏக்கரை நிரப்பினால் அது அபிவிருத்தி. துரைக்கும் சிலிந்துவுக்கும் வெவ்வேறாயிருந்த நீதி இன்னும் ஒன்றாகவில்லை.

இங்கே கொழும்பு வாழ் படித்த மத்தியதர வர்க்கத்தின் பொறுப்பையும் சொல்லியாக வேண்டும். இருநூறு கிலோமீற்றர் தூரத்துக் காட்டுக்காகக் குரல் கொடுக்கும் நாம், நம் காலடியில் உள்ளதைக் காண்பதில்லை. வெள்ளவத்தைக் கால்வாயின் நீர் ஏன் கறுத்துக் கிடக்கிறது? அக்கால்வாய் வலையமைப்போடு தொடர்புடைய பெல்லன்வில–அத்திடியச் சதுப்பு 1990இற் சரணாலயமாயிற்று. கழிவும் நிலநிரப்பலும் அதைத் தொடர்ந்து அரித்து வருகின்றன. சதுப்பு நிரம்பியதால் எழும் மாடிவீட்டின் விலையை விசாரிப்போர், மழைநீர் இனி எங்கே போகும் என்று விசாரிப்பதில்லை. 2016 மே மாத வெள்ளத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி கொணர்ந்த வெள்ளத்திலும், களனிக் கரையின் தாழ்நிலத்துச் சிறுவீடுகளே முதலில் மூழ்கின. 2018இற் சர்வதேச ஈரநில நகரமாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றதை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்றோம். அவ்வங்கீகாரத்தின் பொருளை நிலநிரப்பும் முதலாளிக்கும் உணர்த்துவதே மீதிப் பணி.

ஆகவே பாதுகாக்கப்பட்ட பிரதேசம் எதனையும் மதிப்பிட நாம் சில கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். எல்லை வகுக்குமுன் அவ்வூர் மக்களின் மொழியில் வரைபடம் அவர்களுக்குக் காட்டப்பட்டதா? இடம்பெயர்ந்தவர் திரும்பி வந்து தம் உரிமையைச் சொல்லக் காலம் விடப்பட்டதா? தேன், விறகு, மீன், மேய்ச்சல் ஆகியவற்றில் எதை, எவ்வளவு எடுக்கலாம் என்று தீர்மானிக்கும் சபையிலே ஊரின் பெண்ணுக்கும் நிலமற்றவனுக்கும் இடமுண்டா? உல்லாசப் பயணி கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தில் எத்தனை சதம் காட்டோரப் பாடசாலைக்கும் யானை வேலிக்கும் செல்கிறது? பெருங்கம்பெனிக்கும் சேனைக்காரனுக்கும் சட்டம் ஒன்றா? இவற்றுக்கு விடை இல்லாத இடத்தில், நிலையான அபிவிருத்தி என்பது அறிக்கையின் அலங்காரச் சொல்லாகவே இருக்கும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் நேரடியான வேலை இருக்கிறது. வுல்ஃபின் நாவலைப் பாடமாக நடத்துவோர் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகில் வைத்து நடத்த வேண்டும்; 'நிலக்கிளி'யை வாசிப்போர் இன்றைய தண்ணிமுறிப்பின் நிலவரத்தையும் விசாரித்து அறிய வேண்டும். முசலியின் முதியவர்கள் தம் ஊரின் கிணறுகளும் குளங்களும் எங்கிருந்தன என்பதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்நினைவுகள் எழுத்தில் ஏறவேண்டும். கதையாகவும் நாவலாகவும், அதற்குமுன் வெறும் பதிவாகவேனும் ஏறவேண்டும். களப்பு மீனவரின் சீட்டுமுறையும், வயல் காக்கும் கமக்காரனின் இரவும், தேனெடுக்கும் வேடனின் காட்டறிவும் நம் படைப்பாளிகளுக்காகக் காத்திருக்கும் விடயங்கள். அவற்றை எழுதப்போகும் இளைஞர், அனுமதிப் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதையும் பார்த்து எழுதுவாராக.